சமாதானத்துக்கு ஒரு பல் குறைகிறது

சமாதான நிலையத்தின் வாசலில் ரத்தம் துடைத்துக்கொள்ள ஒரு கால்மிதி போட்டிருக்கிறார்கள். அதற்கு மேலே பெரிய பலகை: 'வீட்டுக்காரர், குடியிருப்பவர் தகராறுகள் இங்கே அன்போடு தீர்த்துவைக்கப்படும்.' அந்த 'அன்போடு' என்ற சொல்லை நம்பி உள்ளே போன இரண்டு பேரைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். எனக்கு அந்த நிலையத்தின் மேல் கோபமெல்லாம் கிடையாது. வயிற்றெரிச்சல் மட்டும்தான்.

ஒருவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். தெரு அவரைக் கண்ணாடிக்காரர் என்றே கூப்பிடும். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு வீட்டின் பின்பக்க அறையை வாடகைக்கு விட்டிருந்தார். அந்த அறையில் பல வருஷமாகக் குடியிருந்தவர் ரொட்டிக்காரர். பேக்கரி அடுப்புக்கு முன்னால் இரவு முழுக்க நின்றுவிட்டுப் பகலில் தூங்குகிறவர். விடிந்ததும் இவர் சூடாக ஒரு ரொட்டியோடு வருவார், அவர் தேநீர் போட்டு வைத்திருப்பார். இருவருக்கும் நடுவில் ஒரு முறைகூடக் குரல் உயர்ந்தது கிடையாது. நிலையத்தின் பார்வையில் இது எவ்வளவு பெரிய குற்றம் என்பது பாவம், இருவருக்குமே தெரியாது.

தகராறு ஒரு கதவைப் பற்றியது. அறையின் பழைய கதவு மழையில் ஊறி உப்பிப்போயிருந்தது. சாத்தினால் திறக்காது, திறந்தால் சாத்தாது. பகலில் தூங்குகிற மனுஷனுக்கு இது சரிப்படுமா? ரொட்டிக்காரர் தன் செலவில் புதுக்கதவு ஒன்றை மாட்டிக்கொண்டார். இரண்டு விரல் கனம், உள்பக்கம் இரும்புத் தாழ்ப்பாள். அதைச் சாத்திவிட்டால் தெருவில் கல்யாண ஊர்வலமே போனாலும் உள்ளே கேட்காது. இப்போது அவருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துவிட்டது. அங்கே பார்த்து வைத்திருக்கும் அறைக்குத் தகரக் கதவுதான். அதனால் பெட்டி படுக்கையோடு இந்தக் கதவையும் கழற்றிக்கொண்டு போக நினைத்தார்.

"தம்பி, வேற என்ன வேணும்னாலும் எடுத்துட்டுப் போ. கதவை மட்டும் விட்டுட்டுப் போயேன்" என்றார் கண்ணாடிக்காரர்.

"அது இல்லாம எனக்குத் தூக்கம் வராதே, அண்ணே."

"என் தங்கச்சி வந்து தங்கப்போறா. அவளுக்கு வேணும்."

"தங்கச்சிக்கு எதுக்கு அண்ணே இவ்வளவு கனமா ஒரு கதவு? பழசைச் சீவி மாட்டினாப் போதாதா?"

கண்ணாடிக்காரர் கதவின் தாழ்ப்பாளைத் தடவிப் பார்த்தார். தங்கையைக் கட்டியவன் அவளை அடிக்கிறவன். சாப்பாடு ஆறிப்போனால் அடி, சுட்டால் அடி. இனி அங்கே இருக்க முடியாது என்று போனில் அழுதவள், வருகிற இடத்தைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "அறைக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கா, அண்ணா?" இருக்கிறது என்று இவர் வாக்குக் கொடுத்துவிட்டார். ஆனால் வீட்டு விஷயத்தை வெளியாளிடம் எப்படிச் சொல்வது? மானம் போய்விடாதா? எனவே மென்று விழுங்கிவிட்டு, "பொதுவா ஒருத்தர்கிட்டக் கேட்டுடுவோமா?" என்றார். "கேட்டுடுவோம் அண்ணே" என்றார் ரொட்டிக்காரர். இருவரும் ஒரே குடையில் சமாதான நிலையத்துக்குப் போனார்கள்.

சமாதான அதிகாரி சட்டையில் வெள்ளைப் புறாச் சின்னம் குத்தியிருந்தார். இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தார்.

"காயம் எங்கே?"

"காயமா? எங்களுக்குள்ள சண்டையே இல்லைங்க. ஒரு கதவு யாருக்குன்னு..."

"சண்டை இல்லையா?" அதிகாரிக்கு உண்மையிலேயே மனசு நொந்துவிட்டது. "உடைஞ்ச பானையைக் கொண்டு வந்தா ஒட்டித் தரலாம். முழுப் பானையைக் கொண்டு வந்து ஒட்டித் தான்னா நான் என்ன பண்றது? வெளியே பாருங்க, எத்தனை பேர் கை ஒடிஞ்சு, மண்டை உடைஞ்சு, நியாயமா வரிசையில நிக்கிறாங்க. நீங்க பாட்டுக்குச் சிரிச்சுப் பேசிக்கிட்டு ஒரே குடையில வர்றீங்க. படிச்சவங்க மாதிரி இருக்கீங்க, போய் அடிச்சுக்கிட்டு வாங்க."

நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் அதற்கென்றே ஒரு இடம் ஒதுக்கி வெள்ளையடித்திருந்தார்கள். சுவரெல்லாம் தெறித்த கறை. இருவரும் எதிரெதிரே நின்றார்கள்.

"நீங்க பெரியவர், நீங்களே ஆரம்பிங்க அண்ணே."

"சேச்சே. நீ குடியிருக்க வந்தவன், விருந்தாளி மாதிரி. நீ முதல்ல."

இப்படியே கொஞ்ச நேரம் போன பிறகு, கண்ணாடிக்காரர் கண்களை மூடிக்கொண்டு ஒரு அறை விட்டார். ரொட்டிக்காரர் கண்களை மூடாமல் ஒன்று விட்டார். மூட்டை மூட்டையாக மாவு பிசைந்த கை அது. கண்ணாடிக்காரர் சுவரில் மோதிச் சரிந்தார். எழுந்து துப்பியபோது முன்பல் ஒன்று மண்ணில் விழுந்தது.

"ஐயோ அண்ணே! மெதுவாத்தான் அடிச்சேன்!"

"பரவாயில்லை தம்பி. காரியம் முடிஞ்சா சரி."

காரியம் முடியவில்லை. காய ஆய்வாளர் என்று ஒருவர் உள்ளே இருந்தார். டார்ச் அடித்து, அளவுகோல் வைத்து, இருவரின் முகத்தையும் தக்காளி பொறுக்குகிற மாதிரி அழுத்திப் பார்த்தார். "இவருக்கு ஒரு பல் போயிருக்கு. அவருக்குக் கன்னத்துல விரல் தடம் மட்டும்தான். சமம் இல்லை" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்.

"சமமா இருந்தே ஆகணுங்களா?" என்று கண்ணாடிக்காரர் கேட்டார். பல் போன இடத்தில் காற்றுப் புகுந்து பாதிச் சொற்கள் விசிலாக வந்தன.

அதிகாரி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். இந்தக் கேள்விக்காகவே அவர் தினமும் வேலைக்கு வருகிறார் என்று நினைக்கிறேன். "சமாதானம்ங்கிற வார்த்தையைப் பாருங்க. முதல்ல என்ன இருக்கு? 'சம'. கடைசியில? 'தானம்'. சமமாக் குடுக்கிறதுதான் சமாதானம். அவர் ஒரு பல் குடுத்தா நீங்களும் ஒரு பல் குடுக்கணும். தமிழ் தெரிஞ்ச யாரும் இதை மறுக்க முடியாது."

"நடுவுல ஒரு 'ஆ' வருதே?" என்றார் ரொட்டிக்காரர்.

"அது அடி விழும்போது வர்ற சத்தம்."

இரண்டு பேரும் மறுபடி சந்துக்குப் போனார்கள். கண்ணாடி தேய்த்தே காலத்தைக் கழித்த மனுஷருக்குப் பல்லை எப்படிக் குறி வைப்பது என்று தெரியவில்லை. ஒரு செங்கல் துண்டை எடுத்து வீசினார். ரொட்டிக்காரருக்கு இரண்டு பற்கள் போயின. இப்போது கண்ணாடிக்காரர் கணக்கில் ஒன்று குறைந்தது. அதைச் சரிசெய்ய ரொட்டிக்காரர் முழங்கையால் இடித்தார். பல் போனதோடு தாடையும் நகர்ந்தது. தாடைக்குத் தாடை பார்க்கப்போய் ரொட்டிக்காரரின் விலா எலும்பு முறிந்தது. விலாவுக்காகத் தள்ளியதில் கண்ணாடிக்காரர் படியில் உருண்டு வலது கை ஒடிந்தது. ஒவ்வொரு அடிக்கும் முன்னால் "மன்னிச்சுக்க தம்பி" என்பார் அவர், ஒவ்வொரு அடிக்கும் பின்னால் "வலிக்குதா அண்ணே?" என்பார் இவர். ஒவ்வொரு முறையும் காய ஆய்வாளர் அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார். சில நாள் சமமாக வந்தும் பலனில்லை. வரிசை நகர்வதற்குள் ஒருவர் வீக்கம் வற்றிவிடும். வற்றிய வீக்கம் செல்லாது.

இதற்கிடையில் நிலையத்தின் ஆட்கள் வீட்டுக்கு வந்து கதவைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். தகராறில் இருக்கும் பொருள் நிலையத்தின் பாதுகாப்பில் இருக்க வேண்டுமாம். ரொட்டிக்காரர் ஊரை விட்டுப் போகவும் தடை போட்டார்கள். "குடியிருப்பவர் போயிட்டா தகராறு அநாதை ஆயிடும்" என்று விளக்கம் வேறு. புது வேலை கைநழுவிப்போனது. இவர் அறையைத் தங்கச்சிக்கு விட்டுவிட்டுக் கூடத்தில் பாயை விரித்துப் படுத்தார். பின்பக்க அறைக்குக் கண்ணாடிக்காரர் ஒரு போர்வையைத் தொங்கவிட்டார்.

காத்திருக்கும் கூடத்தில் ஒருநாள் நிலையத்தின் தலைவர் வந்து பேசினார். கட்டுப் போட்டவர்களும் கட்டை ஊன்றி நடப்பவர்களுமாகக் கூட்டம் நிரம்பியிருந்தது. "இந்த நிலையம் வர்றதுக்கு முன்னாடி நம்ம மக்கள் எப்படி இருந்தாங்க தெரியுமா?" என்று மைக்கில் முழங்கினார். "பேசித் தீர்த்துக்கிட்டாங்க! எந்த அளவும் கிடையாது, ஆய்வும் கிடையாது. தேநீர்க் கடையில உட்கார்ந்து, 'சரிப்பா, நீயே வெச்சுக்க'ன்னு சொல்லிட்டு எழுந்து போயிடுவாங்க. நினைச்சாலே உடம்பு நடுங்குது! இன்னைக்கு நிலைமை என்ன? அடிபடாத ஒரு குடும்பத்தை இந்த ஊர்ல காட்டுங்க பார்ப்போம்! அதோ, முதல் வரிசையில உட்கார்ந்திருக்காங்களே வீட்டுக்கார அம்மாவும் அவங்க வீட்டு மாடியில குடியிருந்தவரும், இவங்கதான் நம்ம பெருமை. ஜன்னல் திரைச்சீலை யாருக்குன்னு ஆரம்பிச்சாங்க. விடாம சமம் பார்த்துப் பார்த்து, இப்போ ரெண்டு பேருக்கும் சேர்த்து நல்ல கால் ஒண்ணுதான் மிச்சம். ஒத்தைப்படையா ஆயிட்டதால, எப்படிப் பங்கிடறதுன்னு மேலிடத்துக்கு எழுதியிருக்கோம். அவங்களுக்கு ஒரு கைதட்டல்!"

கை இருந்தவர்கள் தட்டினார்கள்.

அந்த வாரம் தங்கை வந்து சேர்ந்தாள். மெத்தைக் கடையில் பஞ்சு அடிக்கிறவள் அவள். ஒரு பையும், வேலைக்கு வைத்திருந்த நீளக் கம்பும்தான் கொண்டு வந்திருந்தாள். அண்ணனின் முகத்தைப் பார்த்துப் பயந்து, "உங்களை யாரு அடிச்சா?" என்று கேட்டாள். "தம்பிதான். ரொம்ப நல்ல பையன்" என்றார் கண்ணாடிக்காரர். அவள் எதுவும் புரியாமல் அறைக்குப் போனாள். போர்வையைத் தூக்கிப் பார்த்தாள். "தாழ்ப்பாள் இருக்குன்னு சொன்னீங்களே" என்றாள். குற்றம் சாட்டுகிற குரலில் சொல்லவில்லை, அதனால் அவருக்கு இன்னும் வலித்தது.

மறுநாள் மாலையே அவளைக் கட்டியவன் வந்துவிட்டான். வாசலில் கண்ணாடிக்காரர் ஒடிந்த கையோடு மறித்தார், விலாவில் கட்டுப் போட்ட ரொட்டிக்காரரும் எழுந்து நின்றார். சமம் பார்த்து நைந்துபோயிருந்த இருவரையும் அவன் ஒரே தள்ளில் விழத்தட்டிவிட்டு உள்ளே போனான். போர்வையைப் பிய்த்து எறிந்தான். அவள் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். கையை முறுக்கினான். "வர்றியா இல்லையாடி" என்று கேட்டுக் கேட்டு அடித்தான். அவள் வரமாட்டேன் என்று ஒவ்வொரு தடவையும் சொன்னாள். இதில் சிரிக்க ஒன்றும் கிடையாது. தெருவில் கூட்டம் சேர்ந்த பிறகுதான், நாளைக்கு வந்து இழுத்துக்கொண்டு போவேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.

ரொட்டிக்காரர் தரையிலிருந்து எழுந்து உட்கார்ந்தார். அவளுடைய புருவத்திலிருந்து வழிந்த ரத்தத்தைப் பார்த்தார். பிறகு கண்ணாடிக்காரரைப் பார்த்தார்.

"இதுக்குத்தான் கதவு கேட்டீங்களா?"

"ஆமாம் தம்பி."

"வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா அண்ணே?"

"வீட்டு விஷயம்ப்பா. வெளியில சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"வெக்கமா! பல்லு கழன்று விழற அளவுக்கு நடுத்தெருவுல அடிச்சுக்கிட்டோமே, அப்போ எங்கே போச்சு உங்க வெக்கம்?" ரொட்டிக்காரர் அழுதுவிட்டார். "கதவு தங்கச்சிக்குத்தான். காலையில போய் வாங்கிட்டு வந்துடலாம்."

காலையில் மூன்று பேரும் நிலையத்துக்குப் போனார்கள். "எங்களுக்குள்ள தகராறு இல்லைங்க. கதவைக் குடுங்க" என்றார்கள். அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"தகராறு தீர்ந்தாத்தான் கதவைத் தரலாம். சமமானாத்தான் தகராறு தீரும். சமாதானத்துக்கு இன்னும் ஒரு பல் குறையுது. உங்க இஷ்டத்துக்கு நீங்களே பேசித் தீர்த்துக்கிட்டா நாங்க எதுக்கு இருக்கோம்?" அப்போதுதான் தங்கை கண்ணில் பட்டாள். அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்தார். "அடடா! இந்தம்மா யாரு? புருவம், பல்லு, மணிக்கட்டு... எல்லாமே புதுசு! முதல் தரம்! யாரும்மா அடிச்சது?"

"எங்க வீட்டுக்காரர்" என்றாள் அவள்.

அதிகாரியின் முகம் மலர்ந்தது. "வீட்டுக்காரரா? அப்போ நீங்க அங்கே குடியிருந்தவங்க."

"ஏழு வருஷம் குடியிருந்தேன்."

"இப்போ காலி பண்ணிட்டுப் போறீங்க, அவர் விடமாட்டேங்கிறார்?"

"ஆமாங்க."

"எங்க எல்லைக்குள்ளதாம்மா வருது!" என்றார் அதிகாரி. கண்ணாடிக்காரர் ஏதோ விளக்க வாயெடுத்தார். ரொட்டிக்காரர் அவர் காலை அழுத்தி மிதித்தார். காய ஆய்வாளர் வந்து அளந்தார். "எதிர்த் தரப்புக்கு என்ன காயம்?" என்று கேட்டார்.

"அவருக்கு ஒண்ணும் இல்லைங்க."

"அப்போ சமம் இல்லையே. போய்ச் சமப்படுத்திட்டு, அவரையும் கூட்டிட்டு வாங்க. ஒரு பல்லு, வலது புருவம், இடது மணிக்கட்டு. கூடவும் கூடாது, குறையவும் கூடாது."

"நான் திருப்பி அடிக்கணுமா?"

"அடிச்சே ஆகணும்மா. அதுதான் முறை."

"எங்க அம்மா பொறுத்துப் போன்னு சொன்னாங்க. மாமியார் அனுசரிச்சுப் போன்னு சொன்னாங்க. போலீஸ்ல வீட்டுக்குப் போன்னு சொன்னாங்க" என்றாள். "அடின்னு இதுவரைக்கும் யாரும் சொன்னதில்லைங்க."

கம்பை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குத் தனியாகத்தான் போனாள். மூடிய வீட்டுக்குள்ளிருந்து தப் தப் என்று சீராகச் சத்தம் வந்ததால், மெத்தை புதுப்பிக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டில் நினைத்துக்கொண்டார்களாம். மதியத்துக்குள் அவனை வண்டியில் உட்கார வைத்துக் கூட்டி வந்துவிட்டாள். ஒரு பல், வலது புருவம், இடது மணிக்கட்டு. காய ஆய்வாளர் அளவுகோலை மூன்று முறை வைத்துப் பார்த்தார். அவர் கண்ணில் நீர் நிறைந்துவிட்டது. "என் உத்தியோகத்துல இப்படி ஒரு சமத்தைப் பார்த்ததில்லை" என்றார்.

"யோவ், நான் இவ புருஷன்யா!" என்று அவன் கத்தினான். பல் போன இடத்தில் விசிலடித்தது.

"நீங்க வீட்டுக்காரரா, இல்லையா?"

"வீட்டுக்காரர்தான். ஆனா..."

"பலகையில அதைத்தான் போட்டிருக்கோம். உட்காருங்க. காயம் சமம் ஆயிடுச்சு. இனிமே ரெண்டு பேரும் கை குலுக்கி..."

"ஐயா, ஒரு சந்தேகம்" என்றாள் தங்கை. "இது நேத்து வாங்கின அடிக்கு மட்டும்தானே சமம்? அதுக்கு முன்னாடி ஏழு வருஷமா வாங்கினது அப்படியே இருக்கே."

அதிகாரி மெல்லத் தலையாட்டினார். நல்ல கேள்வியை மதிக்கத் தெரிந்தவர்தான் அவர். "சரியாச் சொன்னீங்க. விட்டுட முடியாது. முறைன்னா முறைதான். ஆய்வாளரே, இந்தம்மாவோட பழைய தழும்பு ஒண்ணொண்ணா அளந்து எழுதுங்க. தினம் ஒண்ணு, ரெண்டுன்னு நிதானமா சமப்படுத்திக்கலாம்."

ஆய்வாளர் அவளுடைய கழுத்திலிருந்து ஆரம்பித்தார். தோள்பட்டையை முடித்து முதுகுப் பக்கம் திரும்புவதற்குள் அவன் நாற்காலியைக் கவிழ்த்துக்கொண்டு எழுந்துவிட்டான். "எனக்கும் இவளுக்கும் ஒரு தகராறும் இல்லை! காலி பண்ணிட்டுப் போகட்டும்! நான் அந்தப் பக்கமே வரமாட்டேன்!" என்று அலறியபடி கால்மிதியில் வழுக்கி விழுந்து, எழுந்து, தெருவில் ஓடினான்.

"பாருங்க, எவ்வளவு நல்ல வழக்கு! பாதியில விட்டுட்டு ஓடிட்டான்" என்று அதிகாரி தலையில் கை வைத்துக்கொண்டார்.

மூன்று பேரும் நடைக்கோடியில் இருந்த பொருள் அறைக்குப் போனார்கள். கதவு சுவரோரமாகச் சாய்ந்து நின்றது. மூவருக்கும் சேர்த்து நல்ல கை நாலு இருந்தது. முன்னால் தங்கை, நடுவில் கண்ணாடிக்காரர், பின்னால் ரொட்டிக்காரர் என்று தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். அவள் அக்குளில் கம்பு செருகியிருந்தது.

"நிலையத்துச் சொத்து! அவங்களைத் தடுங்கய்யா!" என்று பின்னாலிருந்து அதிகாரி கத்தினார்.

வாசல் காவலாளி கையை விரித்து வழிமறித்தார். "நில்லும்மா" என்றார்.

"தடுத்தா அது தகராறு ஆயிடும், ஐயா" என்றாள் அவள் மரியாதையாக. "அப்புறம் எனக்கு இருக்கிறதெல்லாம் உங்களுக்கும் இருக்கணும்னு சொல்லுவாங்க."

காவலாளி அவள் முகத்தை நன்றாகப் பார்த்தார். நாக்கால் தன் பற்களை ஒருமுறை தடவிக்கொண்டார். பிறகு ஒதுங்கி நின்று, கதவு இடிக்காமல் வெளியே போக, "இடது பக்கம் கொஞ்சம் தூக்குங்க, படி இருக்கு" என்றார்.